தூங்குவது குற்றமா?

சட்டத்துக்கு நிறம் தெரியாது, சாதி தெரியாது என்பார்கள். அதை அமல்படுத்துகிற போலீசுக்காரன் கண்ணுக்கு ரெண்டும் நல்லாவே தெரியும். அமெரிக்காவில் காருக்குள் தூங்குவதைத் தடை செய்கிற சட்டங்களே இதற்குச் சாட்சி.

வாடகை கட்ட முடியாமல் வீடிழந்தவர்கள் பலருக்கு அங்கே மிஞ்சுவது ஒரு பழைய வண்டி. அதுதான் கூரை, பூட்டிக்கொள்ள ஒரு கதவு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி 1983இல், தெருவில் நிற்கும் வாகனத்தை வசிப்பிடமாக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. எது வசிப்பது? சட்டத்தில் விளக்கமில்லை. வசதியுள்ளவன் வண்டியில் படுத்தால் சுற்றுலா, இல்லாதவன் படுத்தால் குற்றம். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏழைகள்மேல் பாரபட்சமாகப் பாய வழிவிடும் தெளிவற்ற சட்டம் என்று அதைச் செல்லாததாக்கியது. 2017இல் புதுச்சட்டம் வந்துவிட்டது: குடியிருப்புத் தெருக்களில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிக்குள் தங்கக் கூடாது, பள்ளி, பூங்கா அருகே எந்நேரமும் கூடாது. வாசகத்தைத் தெளிவாக்கினார்கள், விரட்டுவது நிற்கவில்லை.

ஓரிகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் ஊரில், பொது இடத்தில் போர்வை விரித்துத் தங்கினால் 295 டாலர் அபராதம் என்றிருந்தது. வண்டிக்குள் தங்குவதும் அதில் அடங்கியிருந்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர் வேனிலேயே வாழ்ந்த பெண். படுக்க வேறு இடம் இல்லாதவரையும் தண்டிக்கலாம், அது அரசியல் சட்டத்துக்கு விரோதமான கொடுந்தண்டனை ஆகாது என்று 2024 ஜூனில் உச்சநீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வாடகைக்கே வழியில்லாதவன் அபராதத்தை எங்கே போய்க் கட்டுவான்? வண்டியை இழுத்துக்கொண்டு போனால் வீடு, மருந்து, அடையாள அட்டை எல்லாமே ஒரே நாளில் போச்சு.

யார் இவர்கள்? அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பர்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு; வீடற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடிமைமுறை ஒழிந்த அதே 1865இல் மிசிசிப்பி மாநிலம், வேலையில்லாமல் இருக்கும் விடுதலை பெற்ற கறுப்பர்களை 'நாடோடிகள்' என்று குற்றவாளியாக்கியது. அபராதம் கட்ட முடியாதவரைக் கூலிக்கு ஏலம் விட்டது. அன்று நிறத்தைச் சட்டத்திலேயே எழுதினார்கள். இன்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

நமக்கு இது அந்நியக் கதை அல்ல. 1871இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப்பழங்குடிகள் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1945இல் சென்னை மாகாணம் போட்ட பிச்சைத் தடுப்புச் சட்டம் வறுமையைக் குற்றமாக்கியது. நடைபாதையில் படுப்பவனும் புறம்போக்கில் குடிசை போட்டவளும் 'ஆக்கிரமிப்பாளர்' என்றே கோப்புகளில் ஏறுகிறார்கள்.

தோழர்களே, 1972இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். இன்று அவர்கள் மண்ணிலிருந்து ஒரு பாடத்தையும் எடுத்துக்கொள்வோம். நீதிமன்றத்தில் ஜெயித்ததை மூன்றே வருசத்தில் ஒரு நகராட்சி திருப்பிப் போட்டுவிட்டது. வழக்கு தேவைதான், வழக்கு மட்டும் போதாது. வீட்டுமனையையும் நிலத்தையும் கேட்டுத் தெருவில் நிற்கும் மக்கள் இல்லாமல் எந்தத் தீர்ப்பும் நிலைக்காது.

அடுத்த முறை காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிறவனிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ராத்திரிக்கு எங்க சனம் எங்கய்யா படுக்கும்?