மாத்திரை சர்க்கார் செலவு, சோறு யார் செலவு?

கெடு முடிந்துவிட்டது, கவனித்தீர்களா? '2025-க்குள் இந்தியாவில் காசநோயை ஒழிப்போம்' என்று 2018 மார்ச்சில் டெல்லியில் அறிவித்தார் பிரதமர் மோடி. உலகத்துக்கு 2030, நமக்கு ஐந்து வருஷம் அட்வான்ஸ்! 2015-ல் இருந்ததைவிடப் புதிதாக நோய் வருவது 80 சதவிகிதம் குறைய வேண்டும் என்பது கணக்கு. 2024 வரை குறைந்தது 21 சதவிகிதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக சராசரியைவிட இது நல்ல வேகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரே வருஷத்தில் இங்கே காசநோயில் செத்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர்.

மருந்து இலவசம்தான். 1997-ல் ஆரம்பித்த 'டாட்ஸ்' திட்டம் 2006-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. நோயாளி மாத்திரை முழுங்குவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினவருக்கு சர்க்கார் ரிஜிஸ்தரில் பல வருஷம் இருந்த பெயர் 'டிஃபால்ட்டர்'. பேங்க் கடனை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிறவனுக்கு வைக்கிற பெயர்! முழுங்கினானா என்று பார்த்தீங்க, சரி. சாப்பிட்டானான்னு யாராவது பார்த்தீங்களா?

இந்த அலட்சியத்துக்கு வசதியாகப் போனது நம்ம சென்னை ஆராய்ச்சி. சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு ஓய்வெடுத்தவர்களும், நெரிசலான வீட்டில் அரைகுறையாகச் சாப்பிட்டு மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வந்தது. உலகம் சானடோரியங்களைக் கைவிட வழிகாட்டிய அருமையான ஆராய்ச்சி. ஆனால், மருந்து கிருமியைக் கொல்லும் என்றுதான் அது சொன்னது. வீடே பட்டினி கிடக்கலாம் என்று சொல்லவில்லை.

பட்டினிக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு காட்டியது. நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளோடு ஒப்பிட்டால், இந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது!

அரசு என்ன செய்கிறது? 2018-ல் மாசம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்து, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறது. நல்லது. ஆனால் பேங்க் கணக்கு, ஆதார் என்று அலைந்து, உடம்பு பாதி தேறினபிறகு பணம் கிடைத்தவர்கள் எத்தனையோ பேர். உணவுப் பொட்டலத்துக்கு 2022-ல் 'நிக்‌ஷய் மித்ரா' வந்தது. அதாவது, புண்ணியவான்கள் யாராவது நோயாளியைத் தத்தெடுக்க வேண்டும். மாத்திரை உரிமை, சோறு தானம்! இது என்ன நியாயம் சார்?

ஊருக்கு ஊர் ரேஷன் கடை இருக்கிறது. சிகிச்சை ஆரம்பிக்கிற அன்றைக்கே, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு. அந்தக் கார்டுக்குக் கூடுதல் அரிசி, பருப்பு, எண்ணெய். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், விழாவும் வேண்டாம்.

'நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இது காற்றில் பரவுகிற நோய். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இருமுகிறவரின் வயிறு உங்கள் பிரச்னையும்தான். அடுத்த தடவை உங்க எம்.பி. காசநோய் ஒழிப்பு உறுதிமொழி எடுக்க மைக் பிடித்தால், 'பருப்பு எப்போ சார் வரும்?'னு கேளுங்க.