நோயாளியின் குரல் எங்கே?

நாமக்கல் ஜில்லாவில், அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். உல்லாசப் பிரயாணிகளுக்கு அது ஒரு வேடிக்கை. பத்தடி நடப்பதற்குள் மூச்சு முட்டுகிற ஒருவர் வைத்தியத்திற்காக அதே பாதையில் இறங்கி ஏறுவதோ வேடிக்கையன்று, அது தண்டனை. நுரையீரலில் புற்றுநோய் கண்ட மலைவாசி இன்று அந்தத் தண்டனையை முணுமுணுப்பின்றி அனுபவிக்க வேண்டியவராக இருக்கிறார். அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. அவரும் பேசுவதில்லை. இதைக் குறித்தே நாம் இன்று எழுதுகிறோம்.

2022-ம் வருஷத்தில் உலகத்தில் ஏறக்குறைய 25 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. 18 லட்சம் பேர் இதனால் மாண்டனர். இந்தியாவில் அவ்வருஷம் இந்நோய் கண்டவர்கள் 80 ஆயிரத்துக்கு மேல் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. நம் நாட்டில் இந்நோய்க்கு ஒரு விசேஷமான கெடுதல் உண்டு. வாரக்கணக்கான இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிவு, விட்டுவிட்டு வரும் ஜுரம் ஆகிய இவை க்ஷயரோகத்தின் குறிகள். நுரையீரல் புற்றுநோயின் குறிகளும் இவையே. ஆதலால் சளியில் கிருமி காணாவிட்டாலும் க்ஷயத்திற்கான மருந்தையே மாதக்கணக்கில் உண்டு, நோய் முற்றிய பின்னரே உண்மை தெரிந்து திகைப்பவர் பலர். மலையில் ஒரு படம் பிடிப்பதற்கும் கீழே இறங்க வேண்டியிருப்பவருக்கு இந்தக் காலதாமதம் இன்னும் நீளும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்நோயாளி வாய் திறவாதிருப்பதற்கு இரண்டு காரணங்களை நாம் காண்கிறோம். முதலாவது அவமானம். புகையிலையே இந்நோய்க்குத் தலையாய காரணம் என்பதை 1950-ல் பிரிட்டனில் டால், ஹில் என்னும் இரு நிபுணர்கள் எடுத்துக் காட்டினர். அதை மறுப்பவர் இன்று யாருமில்லை. ஆனால் அந்த உண்மை நோயாளியின் தலையில் பழியாக இறங்கிவிட்டது. “பீடி குடித்தாயா?” என்பதே அவர் காதில் விழும் முதற் கேள்வி. நம் நாட்டில் இந்நோய் கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் புகையிலைப் புகையை விரும்பி இழுத்தவர்களல்லர். விறகடுப்பின் புகை புற்றுநோயை விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. நகரத்தின் அசுத்தக் காற்றோ சந்தேகமின்றி விளைவிப்பது என்று 2013-ல் முடிவு கட்டப்பட்டது. குளிர் மிகுந்த மலையில் அடுப்பருகே ஆயுளைக் கழித்த ஒரு தாயிடம் நாம் எந்தக் குற்றத்தைச் சுமத்தப் போகிறோம்? புகைத்தவரே ஆயினும், பீடியை விற்கவிட்டு வரி வாங்குகிற சமூகம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இரண்டாவது காரணம் இன்னும் கொடியது. பேசுவதற்கு இந்நோயாளி உயிரோடிருந்ததில்லை. நோய் இன்னதென்று தெரிந்த சில மாதங்களில் அவர் போய்விடுவார். இந்த நிலைமை இப்பொழுது மாறி வருகிறது. அடினோகார்சினோமா என்னும் வகையில் நம் நாட்டவருள் நான்கில் ஒருவருக்கேனும் ஒரு குறிப்பிட்ட மரபணு மாறுதல் காணப்படுகிறது. அவர்கள் நாளொன்றுக்கு ஒரு மாத்திரை உட்கொண்டு, வீட்டிலிருந்தபடியே, தங்கள் வேலையையும் பார்த்துக்கொண்டு பல காலம் வாழ இயலும். இந்நோயோடு வாழ்கிறவர்கள் என்றொரு கூட்டம் நம்மிடையே இப்பொழுதுதான் தோன்றியிருக்கிறது. அவர்கள் வாய் திறந்தால் என்ன விளையும் என்பதை நம் சரித்திரமே சொல்லும்.

1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் அந்தத் துக்கத்தை மனத்தில் பூட்டி வைக்கவில்லை. 30 வருஷங்களுக்கு மேல் விடாது முயன்று, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் வைத்தியசாலையைத் தொடங்கினார். பிறகு ரத்தப் புற்றுநோய் மருந்தொன்றுக்கு ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று தனியுரிமை கோரியபோது, பம்பாயிலுள்ள புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் அதை எதிர்த்து நின்றது. 2006-ல் சென்னைப் பேடண்டு அலுவலகமும், 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அக்கோரிக்கையை நிராகரித்தன. மாதம் ஒன்றுக்கு லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்தைச் சுதேசிக் கம்பெனிகள் சில ஆயிரங்களுக்குக் கொடுத்தன. நோயாளிகள் வாதாடியதால் வந்த நன்மை இது, தானாக வந்ததன்று.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் சொல்லவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2021 முதல் வீடு தேடி மருந்து வருகிறது. 2022-ல் நாமக்கல்லில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நுரையீரல் புற்றுநோய்க்கான ஓஸிமெர்டினிப், டுர்வாலுமாப் என்னும் மருந்துகளுக்கு 2024-ல் மத்திய சர்க்கார் சுங்க வரியை நீக்கிற்று. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்பில் கட்டணமே இல்லை. ஆனால் ரயில் நாமக்கல்லில் நிற்கிறது. நோயாளி மலைமேல் இருக்கிறார். கிராமந்தோறும் நடக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையும் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே நாடுகிறது, இருமுகிறவரைக் கேட்பாரில்லை.

மலையில் இந்நோயாளிகள் சிலரே, அவர்களுக்காக இவ்வளவு பிரயாசை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிருமி காணாத இருமலைக் கவனித்துப் பார்க்கும் வைத்தியர், க்ஷயத்தையும் தவற விடமாட்டார். சிலருக்காகப் போடப்படும் பாதையில் எல்லோரும் நடக்கலாம் என்பதே நமது பதில்.

ஆகவே நாம் கோருவன இவை. மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்குச் சளியில் கிருமி இல்லையெனின், க்ஷய மருந்தோடு நிறுத்தாமல் மேற்பரிசோதனை கட்டாயமாக வேண்டும். மலையிலிருந்து நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நோயாளியும் துணைவரும் செலவின்றிப் போய்வர வாகனம் வேண்டும். மரபணுப் பரிசோதனையும் மாத்திரையும் ஏழைக்கும் கிட்ட வேண்டும். கடைசி நாட்களில் வலி தணிக்கும் மார்பின் மலையிலேயே கிடைக்க வேண்டும். 1985-ம் வருஷச் சட்டத்தால் எட்டாப் பொருளாகிவிட்ட அம்மருந்தின் தடைகள் 2014-ல் தளர்த்தப்பட்டன. 1993-ல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி நிவாரணச் சங்கத்தைப் பின்பற்றி, கேரளத்தில் சாதாரண ஜனங்களே அண்டை வீட்டு நோயாளியைப் பார்த்துவரும் வழக்கம் பரவியிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையை உட்கொண்ட சேந்தமங்கலம், தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட இரண்டு சட்டசபைத் தொகுதிகளில் ஒன்று. வோட்டுக்காக அங்குள்ள குடிசைகளின் வாயிலில் நின்றவர்கள், இருமல் கேட்கும் வீட்டிற்குள்ளும் நுழைய வேண்டும். நோயாளிக்குப் பதிலாக நாம் பேசிக்கொண்டேயிருப்பது நமது நோக்கமன்று. அவர் எழுந்து பேசும்வரை துணை நிற்பதே நம் கடமை. ஆண்டுதோறும் ஆடியில் வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் விழா நடக்கிறது. மந்திரிகளும் அதிகாரிகளும் வீற்றிருக்கும் அந்த மேடையில், இந்நோயோடு வாழும் ஒரு மலைவாசியும் அமர்ந்து, தமக்கும் தம்மைப் போன்றோருக்கும் வேண்டுவது இன்னதென்று தம் வாயாலேயே சொல்லட்டும். கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கிய வள்ளலின் பெயரால் கூடும் சபை, அவர் கேட்பதைச் செவிமடுக்கக் கடமைப்பட்டது.