கடின நாவலும் உரையில்லா வாசகரும்

கடினமான நவீன நாவல் ஒன்றைப் பாதியில் மூடிவைத்தவர் தமிழ்ச்சூழலில் இரண்டே விடைகளைக் கேட்டுப் பழகியிருக்கிறார். ஒன்று, 'உமக்குப் பயிற்சி போதாது' என்பது. மற்றது, 'அதில் ஒன்றுமில்லை, வெறும் பம்மாத்து' என்பது. 1972இல் வெளிவந்த நகுலனின் 'நினைவுப்பாதை' தொடங்கிக் கோணங்கியின் 'பாழி' வரை இவ்விரு விடைகளே மாறி மாறி வழங்கப்படுகின்றன. வாசகர் எந்த இடத்தில் நின்றார், ஏன் நின்றார் என்று இரண்டுமே கேட்பதில்லை.

நின்றவர்கள் யாரும் எளியவர்கள் அல்லர். ஜேம்ஸ் ஜாய்சின் 'யுலிசிஸ்' 1922இல் வெளிவந்தபோது வர்ஜீனியா வுல்ஃப் ஏறத்தாழ 200 பக்கங்களிலேயே சலிப்புற்று நாட்குறிப்பில் கடிந்துகொண்டார்; முழுவதும் படித்து முடித்த பின்னரும் அவருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. உளவியலறிஞர் யுங், 135ஆம் பக்கத்தை எட்டுவதற்குள் இருமுறை உறங்கிப்போனதாக 1932இல் எழுதினார். ஆயினும் அந்த உறக்கத்திலிருந்தே நீண்டதொரு கட்டுரையை அவரால் எழுத முடிந்தது. நின்ற இடத்தைச் சொல்லக் கூசாத வாசிப்பு அது.

தமிழ் வாசகர் நிற்கும் இடத்துக்கு இலக்கணக் காரணமும் உண்டு. மனத்துக்குள் நிகழும் பேச்சில் எழுவாய் உதிர்ந்து பயனிலை மட்டும் எஞ்சும் என்று வைகாட்ஸ்கி 1934இலேயே விளக்கினார். ஆங்கிலத்தில் எழுவாய் உதிர்ந்தால் வாக்கியம் குறையுடையதாய் ஒலிக்கும். 'இங்கே மனம் பேசுகிறது' என்று வாசகர் உடனே உணர்ந்துகொள்வார். தமிழிலோ எழுவாய் இல்லாமல் எழுதுவதே இயல்பு. 'வந்தேன்' என்றாலே ஆள் விளங்கிவிடும். எனவே எழுவாய் உதிர்வது எந்த எச்சரிக்கையையும் தருவதில்லை. எண்ணத்தை எண்ணமென்று நமக்குக் காட்டிக்கொடுப்பது 'என்று' என்னும் சிறு சொல். அதுவும் எண்ணம் முடிந்த பிறகே வருகிறது. நவீன நாவலாசிரியர் அந்தச் சொல்லையும் நீக்கி, பயனிலையையும் நீக்கினால், வினையோடு சேர்ந்து ஆள் விகுதியும் போய்விடுகிறது. பேசுவது ஆசிரியரா, பாத்திரமா, பாத்திரத்தின் நினைவில் வரும் மூன்றாமவரா என்று அறிய வழியில்லை. தெலுங்குக்கும் இதே நிலைதான், அங்கே 'அனி'. உஸ்மானியா பல்கலைக்கழக மாணவன் ரவியின் ஒரு நாளை நனவோட்டமாகச் சொல்லும் நவீனின் 'அம்பசய்யா' (1969) நாவலைத் தொடும் வாசகரும் இதே பள்ளத்தைக் கடந்தாக வேண்டும். இதனை ஒரு வகுப்பில் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். விளக்காமல் விட்டுவிட்டு வாசகரின் தகுதியைப் பற்றிப் பேசுவது அறமன்று.

விளக்கிச் சொல்லும் மரபு நமக்குப் புதியதா? திருப்பதியில், மலையடிவாரமான அலிபிரியில் நின்று பார்த்தால் இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். திருமலைக்குச் செல்லும் 3550 படிகள் இங்கேதான் தொடங்குகின்றன. காலி கோபுரம் வரையிலான செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு வாங்கி அமர்ந்தவரைப் பார்த்து, 'உமக்குப் பக்தி போதாது' என்று யாரும் சொல்வதில்லை. அருகிலிருப்பவர் தண்ணீர் நீட்டுகிறார். அதற்குமேல் கொஞ்சதூரம் சமதளம் என்று முன்பே ஏறியவர் சொல்கிறார். இதே அடிவாரத்தில் இராமாநுசர் ஓராண்டுக்காலம் பெரிய திருமலை நம்பியிடம் இராமாயணப் பொருள் கேட்டார் என்பது வைணவ மரபு. இராமாயணக் கதை அறியாதவரா இராமாநுசர்? அறிந்த கதைக்கே ஓராண்டு தேவைப்பட்டது.

திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி முதல் முப்பத்தாறாயிரப்படி வரை ஐந்து உரைகள் எழுந்தன. இங்கே படி என்பது 32 எழுத்துகள் கொண்ட அளவு. (ஏறுவதும் படி, அளப்பதும் படி, வாசி என்று ஏவுவதும் படி, மொழி தற்செயலாகச் செய்யும் நயங்களுள் இதுவும் ஒன்று.) முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு, நம்பிள்ளை வாய்மொழியாகச் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதியது. கேட்போர் கூடியிருந்த அவையில் பிறந்த உரை அது.

உரை வந்தால் நாவல் செத்துவிடும், ஒற்றைப் பொருளில் இறுகிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். ஈட்டைப் புரட்டிப் பார்த்தவர் இவ்வாறு அஞ்சமாட்டார். ஓர் அடிக்கு ஓர் ஆசாரியர் ஒரு பொருள் சொல்ல, மற்றவர் வேறு சொல்ல, இரண்டும் அருகருகே பதிவாகியிருக்கும். ஜாய்சும் உரைக்கு அஞ்சவில்லை. நாவலின் அமைப்புத்திட்டத்தைத் தாமே நண்பர்களுக்கு எழுதிக்கொடுத்தார். அவர் துணையோடு ஸ்டூவர்ட் கில்பர்ட் எழுதிய விளக்கநூல் 1930இல் வெளிவந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாவல் தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது; மூலம் கிடைக்கு முன்பே உரை கிடைத்தது! அந்நாவலை 'எவர் உதவியுமின்றி' படித்ததாகப் பெருமைகொள்ளும் நம்மவர்கள் இதைச் சிந்திக்கலாம்.

கூடிப் படித்தவர்களும் இருக்கின்றனர். ஜாய்சின் 'ஃபின்னகன்ஸ் வேக்' நாவலின் 628 பக்கங்களையும் கலிஃபோர்னியாவில் ஒரு வாசகர் குழு 1995இல் தொடங்கி 2023 அக்டோபரில் படித்து முடித்தது. மாதம் ஓரிரு பக்கம். பின்னர் மீண்டும் முதற்பக்கத்துக்குத் திரும்பியது. அவர்கள் அனைவரும் பேராசிரியர்கள் அல்லர்.

நம் ஆய்வேடுகள் செய்வது வேறு. 'இந்நாவல் நனவோடை உத்தியில் அமைந்துள்ளது' என்று ஒரு வரி. அதனடியில் உத்தியின் வரையறை. பிறகு அடுத்த இயல். அந்த நனவோடையில் எந்த வாக்கியம் யாருடையது என்று பத்துப் பக்கத்தையாவது வரிவரியாகப் பிரித்துக் காட்டும் ஆய்வேடு அரிது. 'நினைவுப்பாதை'யில் நவீனன் பேசும் ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, உதிர்ந்த எழுவாய்களையும் மறைந்த 'என்று'களையும் ஓரத்தில் குறித்து, அதனை ஐந்து பேர் உரக்கப் படித்துப் பார்க்கட்டும். முதற்கூட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.