வேனில் உறங்கும் டிரைவர்

மே மாதம் வந்தால் பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் கொடைக்கானலுக்கு வேன்கள் கிளம்பும். ஊரே கடல் மட்டத்தையொட்டிய சமவெளி. ஏறிப் போவதோ சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்கு. 1863-இல் லெவிஞ்ச் என்பவர் அமைத்த ஏரியைச் சுற்றி எத்தனையோ சின்ன லாட்ஜுகள். இரண்டு கட்டில் போட்ட அறையில் பாய் விரித்து ஆறு பேர் படுப்போம். காலையில் வாளி வெந்நீருக்கு வரிசை, கூடுதல் கம்பளிக்குத் தனிக் காசு. சீசனில் வாடகை எகிறிவிடும். அதெல்லாம் இருக்கட்டும், விவசாயக் குடும்பம் குளிரைப் பார்க்க இதுதான் வழி. அந்த மலிவு அறைகளை நான் மதிக்கிறேன்.

பொறுக்க முடியாதது வேறு. நம்மை ராத்திரி முழுக்க ஓட்டிவந்த டிரைவர் அண்ணன் எங்கே படுக்கிறார்? பெரும்பாலும் வேன் சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒற்றைப் போர்வையோடு. காலையில் முகம் கழுவக்கூட இடம் தேட வேண்டும். மறுநாள் வத்தலக்குண்டு மலைப்பாதையின் வளைவுகளில் நம் பிள்ளைகளின் உயிர் அவர் கண்களில் இருக்கிறது. தூங்காத கண்கள்.

விருந்தினரை அழைத்துவரும் ஓட்டுநர்களுக்கு விடுதிகள் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளையே திருத்தியது. விதி ஏட்டில் இருந்து என்ன பயன்? அதிகாரிகள் சீசனுக்கு முன்பே ஒவ்வொரு லாட்ஜிலும் ஏறிப் பார்க்க வேண்டும். நாமும் கொடைக்கானல் போக இ-பாஸ் எடுக்கும் கையோடு லாட்ஜுக்குப் போன் போட்டு, “டிரைவருக்குக் கட்டில் உண்டா?” என்று கேட்போம். இல்லையென்றால் வேறு லாட்ஜ் பாருங்கள்.