செல்போனும் படிப்பும்

2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏழு வயது முதற்கொண்டு உள்ளவர்களில் 100-க்கு சுமார் 80 பேர் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள். இது சந்தோஷப்படத்தக்க விஷயமேயாகும். ஆனால் அந்த ஜனக்கணக்கே எழுத்தறிவு என்பதற்குப் “பொருள் தெரிந்து” எழுதப்படிக்கக் கூடியவர் என்றுதான் இலக்கணம் சொல்லுகின்றது. செல்போனில் வருவதையெல்லாம் வாசிக்கின்ற நம் மக்கள் பொருள் தெரிந்துதான் வாசிக்கின்றார்களா என்று கேட்கின்றோம்.

2018-ம் வருஷம் மே மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். குழந்தை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும், குரலாகவும், படமாகவும் ஒரு புரளி பரவிற்று. திருவண்ணாமலை ஜில்லா போளூர்ப் பக்கத்தில், கோவிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது அம்மையார் ஒருவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். ஜூலை மாதத்தில் மகாராஷ்டிரத்துத் துலே ஜில்லாவில் ஐந்து பேர் இவ்விதமே கொல்லப்பட்டார்கள். அதன் பிறகே அந்தக் கம்பெனியார், ஒரு சேதியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பக் கூடாதென்று இந்தியாவில் வரம்பு வைத்தனர். ஐந்து பேருக்கு மட்டும் அனுப்பினால் பொய் மெய்யாகிவிடுமா?

முன் காலத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் “எந்த ஊர்? யார் பார்த்தது?” என்று கேட்கத் தெரியும். இன்று ஒவ்வொருவரும் தனித்தனியே படித்து, படித்த வேகத்தில் பிறருக்குத் தள்ளிவிடுகின்றார்கள். கேள்வி கேட்க ஆளில்லை. சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று சொல்லி வாயை அடைத்ததற்கும், செல்போனில் வந்திருக்கிறது என்று சொல்லி அடைப்பதற்கும் என்ன வித்தியாசம்?

செல்போன்மீது நமக்கு விரோதமில்லை. பழந்தமிழ் நூல்களை 1998 முதல் மதுரைத் திட்டத்தார் காசின்றிப் படிக்கக் கொடுப்பதும் அதன் வழியாகத்தான். வீட்டுவரியோடு நாம் கொடுக்கும் நூலக வரியால் நடக்கும் புத்தகசாலைகளும் இருக்கின்றன. சேதியை ஒத்துப்பார்க்க இடமில்லை என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

ஆகவே தோழர்களே! ஒரு சேதி வந்தால் யார் எழுதியது, எப்பொழுது, எந்த ஊரில், என்ன ருஜு என்று கேளுங்கள். பதிலில்லாத சேதியை யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டிலுள்ள எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையானால் நீங்கள் அதை இன்னும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.