கடகத்துக்குப் பேரம், கோப்பிக்கு மௌனம்

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தால், விடுமுறைக்கு ஊர் போய் வந்தவர்களின் கதைதான். "இந்தக் கடகத்துக்கு இரண்டாயிரம் சொன்னா. நான் விடுவனா? ஆயிரத்துக்கு வாங்கிட்டன்" என்றார் ஒரு அக்கா. சுற்றி நின்றவர்கள் மெச்சினார்கள். நானும் சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் அதையே செய்துவிட்டு வந்தவள் நான்.

அந்த ஆயிரம் ரூபாய் இங்கே ஏறக்குறைய ஐந்து டொலர். பரமட்டாவில் ஒரு கோப்பியின் விலை. அந்தக் கோப்பிக்கு நாம் ஒருநாளும் பேரம் பேசியதில்லை.

பனங்குருத்தை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஓலையை ஒரே அளவில் வார்ந்து, சாயமிட்டு, அதன் பிறகுதான் கடகம் இழைக்கத் தொடங்குவார்கள். எனக்கு விற்றவர் இரண்டு நாள் வேலை என்றார். வாரஇறுதியில் கடையில் வேலைசெய்யும் என் மகள் கணக்குப் பார்த்தாள்: "பதினாறு மணித்தியாலம். மணிக்கு முப்பது சதம், அம்மா. ஓலைக் காசும் சாயக் காசும் இன்னும் கழிக்கேல்லை." இந்த நாட்டில் 2025 ஜூலையில் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 24.95 டொலர் ஆனது. அதில் ஒரு டொலர் குறைந்தாலும் முறைப்பாடு செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாங்கள்.

"அங்கே செலவு குறைவு" என்பீர்கள். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு அரிசியும் பால்மாவும் விற்ற விலையைச் சொல்லிப் புலம்பியவர்களும் நாம்தான். "வெளிநாட்டுக்காரரைக் கண்டால் கூட்டிச் சொல்லுகினம்" என்பீர்கள். உண்மை. நாம் பாதியாக அறுப்போம் என்று தெரிந்துதான் கூட்டுகிறார்கள். "பேரம் எங்கள் பண்பாடு" என்பீர்கள். அம்மம்மா மீன்காரியோடு பேரம் பேசினா. நாளைக்கும் அதே முகத்தில் விழிக்கவேண்டும் என்று தெரிந்து பேசினா. நாம் பேசிவிட்டு விமானம் ஏறுகிறோம்.

காஞ்சிபுரம் போனாலும் இதே கதை. குளிரூட்டிய பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலைக்கு வாய் திறக்கமாட்டோம். தறி இருக்கும் வீட்டு வாசலில்தான் நமக்குத் துணிவு வரும். இந்திய அரசின் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாக உழைப்பவை. அந்த வீட்டுப் பிள்ளை ஏன் தறியில் உட்காரவேண்டும்? பிறகு நாமே, "இப்ப எல்லாம் விசைத்தறி, பழைய தரம் இல்லை" என்று குறை சொல்வோம்.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. எந்தச் சபை இருந்தும் என்ன? இழைப்பவருக்குக் கூலி கட்டாவிட்டால் மகளுக்கு அந்தத் தொழிலைப் பழக்கமாட்டார்.

ஆகவே சகோதரர்களே, விலை கேட்கமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் செய்தது? எத்தனை நாள்? பதிலுக்கு ஏற்ற காசைக் கொடுங்கள். முடியாவிட்டால் வாங்காமல் வாருங்கள், அது குற்றமில்லை.

சிட்னி விமான நிலையத்தில் அந்தக் கடகத்தை ஓலைப் பொருள் என்று நேர்மையாக அறிவித்தேன். அபராதத்துக்குப் பயம். இழைத்தவளிடம் எனக்கு அந்த நேர்மை இருக்கவில்லை. அங்கே அபராதமும் இல்லை. வரும் டிசம்பரில் அதே கடைக்குப் போவேன். திரும்பி வந்ததும் கோயிலில் யாராவது "எவ்வளவுக்குக் குறைச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். குறைக்கவில்லை என்று சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.