ஏரி யாருக்கு?

காஞ்சி நகரின் ஓரத்தில், வேகவதிக் கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். சமணம் தழைத்த ஊர். வேகவதிக்கு வேகம் இன்று பெயரில் மட்டும். ஆற்றில் வருவது நகரத்தின் கழிவுநீர்!

ஆறு பொய்த்தாலும் ஏரி காக்கும் என்று வாழ்ந்தது இந்த வட்டாரம். வயலுக்கு வண்டல், வலைக்கு மீன், ஆட்டுக்குப் புல், அடுப்புக்கு விறகு அனைத்தும் ஏரி தந்தது. நிலமற்ற கூலிக்கு ஏரிதான் நிலம்!

அந்த ஏரியை ஆண்டது யார்? இதே மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் ஏரி வாரியம் பற்றிப் பேசுகின்றன. குடவோலையில் தேர்வு, கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் இடமில்லை. நல்ல விதி, போற்றுகிறோம்! ஆனால் உறுப்பினராகத் தகுதி? வரி கட்டும் நிலம், வேதப் பயிற்சி! மண் சுமந்தவன்? வெளியே!

ஆயிரம் ஆண்டு கடந்தது. வேதம் போயிற்று, நிலம் போயிற்றா? 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டத்திலும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் உறுப்பினர் நில உரிமையாளர்தான்!

கிராம சபையோ பட்டா கேட்பதில்லை. ஊரின் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சிறுபாசனத்தையும் மீன்வளத்தையும் ஊராட்சிக்கு ஒப்படைக்க வழி திறந்தது. வழி இருக்கிறது, நடப்பார் வேண்டும்!

மீன் ஏலம், மரக் குத்தகை, அள்ளிய வண்டல் — அத்தனைக்கும் கணக்கு அந்தச் சபையில் படிக்கப்படட்டும். கூலியாளும் வலைஞரும் பெண்களும் ஏரியின் நிர்வாகத்தில் அமரட்டும்.

தோழர்களே, கிராம சபை கூடும் நாளில் வேலை இருக்கிறதென்று ஒதுங்காதீர்! கணக்குக் கேட்பதும் வேலைதான். கேட்காதவன் ஏரி, கேட்பாரற்ற ஏரி!